கோட்பாடும் ஒழுங்கும்

நேயர்களுக்கு வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வந்தவன் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் திட்டுவான், இல்லாவிட்டால் ஏங்குவான் என்று நினைப்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். வெளியே வந்த பிறகுதான் திருச்சபையின் வரலாற்றை நிதானமாகப் படித்தேன். மாறாத விசுவாசக் கோட்பாடு வேறு, மாற்றக்கூடிய ஒழுங்கு வேறு என்று திருச்சபையே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தரும் ஞானோபதேச வகுப்பில் இரண்டையும் ஒரே பயத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

நன்மை, அதாவது பூசையில் தரும் புனித அப்பம், வாங்குவதற்கு முந்தைய உபவாசத்தையே பாருங்கள். ஒரு காலத்தில் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டு நன்மை வாங்கினால் சாவான பாவம், அதாவது நரகத்துக்கு இட்டுச்செல்லும் பெரும் பாவம். 1953இல் தண்ணீருக்குத் தடை நீங்கியது. 1957இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்றானது. 1964இல் ஒரு மணி நேரம். ஒழுங்கு மாறலாம், தவறில்லை. அதை மீறியதற்காக நரகத்தை நினைத்து நடுங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் கடவுளைக் காணாமல் ‘லிம்போ’வில் இருப்பார்கள் என்றார்கள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. அந்தக் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என வத்திக்கானின் இறையியல் ஆணையம் 2007இல் சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மாருக்கு அது மிகத் தாமதம்.

அப்புறம் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஆரம்ப நூற்றாண்டுகளில் பெரும் பாவங்களுக்குச் சபையறியத் தவம் செய்ய வேண்டும். அதுவும் பொதுவாக வாழ்நாளில் ஒரே முறை. குருவிடம் தனியாக, திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் என்று 1215இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. ஏழு வயதுப் பிள்ளைகளையும் குரு உட்கார்ந்து கேட்கும் அந்தக் கூண்டின் முன் மண்டியிடவைத்தார்கள். சொல்லப் பாவம் வேண்டுமே? தம்பியே இல்லாத பையன் ‘தம்பியை அடித்தேன்’ என்பான். பாவசங்கீர்த்தனத்துக்காகவே ஒரு பொய்!

ஆனாலும் அந்த வழக்கத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. கேட்டதை வெளியே சொன்னால் திருச்சபை விலக்கத்துக்கே ஆளாகும் ஒரு மனிதரிடம் நம் குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல முடிவது சாதாரண விஷயமில்லை. கட்டாயத்தையும் பயத்தையும் எடுத்துவிட்டால் அது நல்ல ஏற்பாடு.

‘சரி, இவையெல்லாம் ஒழுங்குகள்தானே, திரும்பி வரலாமே’ என்கிறார்கள் நண்பர்கள். வர முடியாது. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம், திருத்தந்தை (போப்) விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது தவறமாட்டார் என்று அறிவித்தது. அது ஒழுங்கு அல்ல, கோட்பாடு. திருச்சபையே நினைத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. என்னால் அதை ஏற்கவும் முடியாது.