பயிற்சிக்கு வராத கேப்டன்

அவையோருக்கு வணக்கம்.

கால்பந்தில் தடுப்பாட்டக்காரர் என்றதும் யார் நம் நினைவுக்கு வருகிறார்கள்? சட்டையைப் பிடித்து இழுப்பவர், காலை வாரிவிடுபவர், நடுவரோடு மல்லுக்கு நிற்பவர். இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் லெட்லி கிங் இந்த ரகமே இல்லை. ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

1980-இல் லண்டனின் கிழக்கே, போ என்ற பகுதியில் பிறந்தவர். 1999-இல் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்காக முதல் ஆட்டம். இரண்டே ஆண்டுகளில் கேப்டன் சால் கேம்பெல் பரம எதிரியான ஆர்சனலுக்கே போய்விட்டார். ரசிகர்கள் கொதித்துப்போயிருந்த அந்த நேரத்தில், அவர் விட்டுப்போன இடத்தில் நின்றவர் இந்த இளைஞர். 2005-இல் கேப்டனும் ஆனார்.

2006 நவம்பர். இன்னொரு லண்டன் கிளப்பான செல்சீயை டாட்டன்ஹாம் லீக்கில் வென்று 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. செல்சீயின் ஆர்யன் ராபன் தனியாகப் பாய்கிறார். எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். ராபன் மின்னல் வேகக்காரர். பின்னாலிருந்து துரத்தி வந்த கிங் காலை நீட்டினார். பந்து போனது. பெனால்டி கேட்க வழியே இல்லை, அவ்வளவு சுத்தம். ஆட்டத்தை டாட்டன்ஹாம் 2-1 என்று வென்றது.

அப்புறம் அந்த முட்டி. இடது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசியது. அறுவை சிகிச்சையாலும் சரியாகவில்லை. ஒரு ஆட்டம் ஆடினால் முட்டி வீங்கும்; அது வற்ற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் மற்றவர்கள் மைதானத்தில் பயிற்சி எடுக்கும்போது அவர் நீச்சல் குளத்திலும் ஜிம்மிலும் இருப்பார். ஆட்டத்தன்று நேராக வந்து இறங்குவார். பக்கத்தில் நிற்பவரோடு வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தவர்களே தடுமாறும் வேலை இது. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்கத் தெரியாதவர் இப்படி ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

2007-08 சீசனில் பெரும்பாலான ஆட்டங்களில் அவரால் இறங்கவே முடியவில்லை. ஆனால் லீக் கோப்பை இறுதிப் போட்டியில், அதே செல்சீக்கு எதிராக, கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் நின்றார். 2-1 வெற்றி. 2010 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 1-0 என்று வென்று டாட்டன்ஹாம், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றபோதும் நடுத்தடுப்பில் அவர் இருந்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பை மட்டும் முதல் ஆட்டத்தின் பாதியிலேயே காயத்தோடு முடிந்தது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

2012-இல், 31 வயதில் ஓய்வு. ‘முட்டி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்’ என்றுதான் பலரும் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முட்டியோடுதான் ஒரே கிளப்புக்கு 323 ஆட்டம், இங்கிலாந்துக்கு 21 ஆட்டம். ஆடாமல் போன ஆட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஆடிய ஆட்டங்களில் ஒன்றையாவது இன்றிரவு முழுதாகப் பாருங்கள்.