சோம்பேறி என்று சொல்வதற்கு முன்

(தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கம். மலை மந்திரில் தரிசனம் முடித்த கையோடு வந்தவர்களுக்கும், மயூர் விஹாரிலிருந்து பிங்க் லைன் பிடித்து வந்தவர்களுக்கும் நன்றி. 'நம் உடலின் சுரப்பிகள்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எல்லாச் சுரப்பிகளையும் வரிசையாகச் சொன்னால் பள்ளிக்கூடப் பாடமாகிவிடும். முப்பது வருஷம் இந்த ஊரில் அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். நடத்தியும் என் கண்ணில் படாத ஒன்றை ஒரு மாணவி காட்டிக் கொடுத்தாள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எட்டாவது வரை முதல் மூன்று ரேங்குக்குள் இருந்த பெண். ஒன்பதாவதில் வகுப்பில் தூங்கி வழிய ஆரம்பித்தாள். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். குரல் கரகரத்தது. அக்டோபர் மாதம், மற்ற பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடும்போது இவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மார்ச்சில் அவளுடைய ரிப்போர்ட் கார்டில் நான் எழுதினேன்: "சோம்பல் அதிகம். கவனம் போதாது."

கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போனாள். பாட்டி எண்ணெய் தேய்த்துவிடும்போது கழுத்தில் கை பட்டிருக்கிறது. "இதென்னடி, முன்பக்கம் தடிச்சாப்ல இருக்கு?" அவ்வளவுதான். மறுநாள் ரத்தப் பரிசோதனை. தைராய்டு ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மாத்திரை ஆரம்பித்து, தீபாவளி வருவதற்குள் எங்கள் பழைய பெண் திரும்பி வந்துவிட்டாள். அந்த ரிப்போர்ட் கார்டை அவள் அம்மாவிடம் கேட்டு வாங்கி, என் வரியை அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அடித்தாலும் எழுதியது எழுதியதுதான். ஒரு வருஷம் முழுக்க அந்தக் குழந்தை தன்னைச் சோம்பேறி என்றே நம்பியிருக்கிறாள். அதே வருஷம் அதே வகுப்பில் தைராய்டு பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியதும் நான்தான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நாம் ஒருவருடைய குணம் என்று நினைப்பதில் எவ்வளவோ ரத்தத்தில் ஓடும் சரக்கு.

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்பவர் சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சேவலின் விரையை எடுத்துவிட்டால் கொண்டை சுருங்கும், கூவாது, சண்டைக்குப் போகாது. இது நம் ஊரில் கோழி வளர்ப்பவர்களுக்கும் தெரியும். எடுத்த விரையை அவர் வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் சேவலுக்குக் கொண்டை வளர்ந்தது, கூவியது, சண்டை போட்டது. அப்படியானால் செய்தி போனது நரம்பு வழியாக இல்லை, ரத்தத்தின் வழியாக. சேவலின் வீரம் என்று நாம் சொல்வது அந்த ரத்தத்தில் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட செய்திப் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர் வந்தது 1905-இல், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் வைத்தது. 'தூண்டிவிடுவது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்.

எச்சிலுக்கும் வியர்வைக்கும் வெளியே வரக் குழாய் உண்டு. நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அது கிடையாது. நேராக ரத்தத்தில் கொட்டும். ரத்தம் உடம்பு முழுக்கப் போகிறதே, ஒவ்வொரு ஹார்மோனும் எல்லா இடத்திலும் வேலை செய்யாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் புது தில்லி ஸ்டேஷனைச் சொல்வேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எந்தப் பிளாட்பாரம் என்று அறிவிப்பு வருகிறது. ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பவர்கள் நம் ஆட்கள் மட்டும்தான். அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ, அது மட்டும்தான் அசையும்.

சுரப்பி என்ற சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கன்று முட்டினால் மடி சுரக்கிறது என்கிறோம். முட்டிய சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போய், அங்கே பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கி, மடிக்கு வந்து பாலைத் தள்ளுகிறது. குழந்தை அழும் சத்தம் கேட்டாலே தாய்க்கு நெஞ்சு நனைவதும் இதே வழிதான். பிட்யூட்டரிக்கு நம் நூல்களில் கபச் சுரப்பி என்றும் பெயர் உண்டு. கபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மூளையிலிருந்து மூக்குக்குச் சளியை இறக்குவது அதுதான் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நினைத்தார்கள். சளிக்கான லத்தீன் சொல் பெயரில் ஒட்டிக்கொண்டது. நாம் அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம்.

அந்தப் பட்டாணி அளவு பிட்யூட்டரிதான் தைராய்டுக்கு அதிகாரி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். இந்த அரங்கில் பாதி வீடுகளில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் இருக்கும், அதைத் தலைகீழாகப் படிப்பவர்களும் நிறைய.

தைராய்டு கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது செய்யும் முக்கியச் சரக்கு தைராக்சின். உடம்பு என்ன வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சூடு, இதயத் துடிப்பு, குடலின் வேகம், யோசிக்கும் வேகம், மாதவிலக்கு, எல்லாவற்றிலும் அதன் கை உண்டு. டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதே இல்லை. பிட்யூட்டரி தைராய்டைப் பார்த்துப் போடும் குரல் அது. மாடியில் இருக்கும் பையனை அம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறாள். பதில் வந்தால் சத்தம் அடங்கும். வராவிட்டால் கூடிக்கொண்டே போகும். அம்மாவின் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது என்றால், பையன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிஎஸ்ஹெச் ஏறினால் தைராய்டு சோர்ந்துவிட்டது. மிகவும் இறங்கினால் பெரும்பாலும் தைராய்டு தலைதெறிக்க ஓடுகிறது.

அம்மாவுக்கே தொண்டை கட்டிக்கொண்டால்? பிட்யூட்டரியே பழுதானால், தைராக்சின் குறைந்தும் டிஎஸ்ஹெச் ஏறாது. அபூர்வம்தான். அதனால்தான் சந்தேகம் வந்தால் டாக்டர் டி4-ஐயும், அதாவது ரத்தத்தில் உள்ள தைராக்சினையும், சேர்த்துப் பார்க்கிறார். பெரியவர்களுக்கு டிஎஸ்ஹெச் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கலாம். லேபுக்கு லேப் சற்று மாறும், கர்ப்பிணிகளுக்கு வேறு கணக்கு. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது கணக்கைக் குழப்பிவிடும்.

தைராய்டு தலைதெறிக்க ஓடும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா கடைசிக் காலத்தில் முன்கோபி என்று பெயரெடுத்தார். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போனார், டம்ளர் பிடித்தால் கை நடுங்கும், தில்லி ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார். வயசானால் இப்படித்தான் என்று நாங்கள் ஒதுங்கிப் போனோம். ஒரு டாக்டர் அவர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்தது. சிகிச்சைக்குப் பிறகு, பெரியம்மாவிடம் அவர் பழையபடி மெதுவாகப் பேசினார்.

தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஊசிமுனை அளவுகூட இல்லை. அது கிடைக்காமல்தான் இமயமலை அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீங்கிப் புடைப்பது, இருந்தது. பனியும் மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துக்கொண்டு போய்விட்டன. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றவர்களுக்கு எங்கிருந்து வரும்? கழலை கண்ணுக்குத் தெரியும் பாதிதான். கர்ப்பத்தில் அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளராது, காது கேட்காது.

பிற்காலத்தில் நம் எய்ம்ஸின் இயக்குநராக இருந்த டாக்டர் வி. ராமலிங்கசாமியும் சகாக்களும் 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினார்கள். பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. தலைமுறைகளாகக் கிராமங்களை மந்தமாக வைத்திருந்த ஒரு நோய், சமையலறை உப்பு டப்பாவில் தீர்ந்தது. இந்த நாட்டின் மருத்துவச் சாதனைகளில் இதற்கு இணையாக நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

அதனால்தான் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஊரிலிருந்து வரும்போது கல்லுப்பு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம். "கடல் உப்புதானே, அயோடின் தானாகவே இருக்கும்" என்கிறார்கள். இருக்காது. கடல் உப்பிலும் சரி, ரோஸ் நிற மலை உப்பிலும் சரி, இயற்கையாக இருப்பது நம் தேவைக்குப் போதாது. கல்லுப்பிலேயே அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. உறையைப் பார்த்து வாங்குங்கள். அதேசமயம், உப்பில் அயோடின் இருந்தும் தைராய்டு கெடலாம். இன்றைக்கு நகரங்களில் அதிகம் பார்ப்பது, உடம்பின் காவல்படையே தன் தைராய்டைத் தாக்குவது. 1912-இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறோம். பெண்களுக்குத்தான் மிக அதிகம். அதற்குக் கூடுதல் உப்பு மருந்தாகாது.

மருந்து தைராக்சின் மாத்திரைதான். 1891-இல் இங்கிலாந்தில் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்கப்புறம் 28 வருஷம் வாழ்ந்தார். நமக்குச் சின்ன வெள்ளை மாத்திரையாகக் கிடைக்கிறது. அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். டிகாக்ஷன் மணத்துக்கு முன்னால் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காபியோடு போனால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். தைராக்சின் ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

இன்சுலினைப் பற்றி நான் பேசவில்லை. இந்த அரங்கில் அதைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல், எலும்பின் கால்சியத்தைக் கணக்குப் பார்க்கும் நான்கு பாராதைராய்டுகள், இவற்றை இன்னொரு ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேரன் பேத்தி வரப்போகும் வீடுகளுக்கு ஒன்று. சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ, வேலை செய்யாத தைராய்டோடோ பிறக்கின்றன. பிறந்தபோது பார்த்தால் தெரியாது. நன்றாகத் தூங்கும், அதிகம் அழாது. "சமர்த்துக் குழந்தை" என்று நாம் கொஞ்சுவோம். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாகச் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் நீங்களே கேளுங்கள்: குதிகால் ரத்தம் எடுத்தாச்சா? டிஎஸ்ஹெச் பார்க்கிறீர்களா? ரிப்போர்ட் என்றைக்கு வரும்? அந்தத் தேதியில் போய்க் கையில் வாங்கிப் பாருங்கள்.