வில்லாளிகளுக்கு முன்னால் ஒரு மகன்: வியட்நாமின் 12 தலைவர்கள் காலம்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு 10-ஆம் நூற்றாண்டு வியட்நாம். 12 தலைவர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மோதிய காலம் அது. நான் பேசப்போவது அதில் அடிபட்ட ஒருவனைப் பற்றி, டின் லியென்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 938-ல் பாக் டாங் ஆற்றுக்குள் கூர்மையான கழிகளை நட்டு தென் ஹான் என்ற சீன அரசின் கப்பற்படையை முறியடித்த ஙோ குயென், 944-ல் இறந்துவிட்டார். உடனே ராணியின் சகோதரர் அரியணையைப் பிடுங்கிக்கொண்டார். ஙோ குயெனின் மகன் ஙோ சுவோங் வான் 950-ல் அதை மீட்டு, அண்ணனையும் அழைத்து வைத்துக்கொண்டு ஆண்டார். ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர் படைத்தலைவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஹோவா லூ மலைகளுக்குள் இருந்த டின் போ லின். அவர் பணியவில்லை என்று 951-ல் அண்ணன் தம்பி இருவரும் படையோடு வந்து ஒரு மாதத்துக்கும் மேல் முற்றுகையிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பிணைக்கைதியாகத் தங்களிடம் இருந்த அவர் மகன் லியெனை ஒரு கழியில் கட்டித் தொங்கவிட்டு, சரணடையாவிட்டால் கொன்றுவிடுவோம் என்றார்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? பத்துக்கும் மேற்பட்ட வில்லாளிகளைக் கூப்பிட்டு மகனையே எய்யச் சொன்னார்! வந்தவர்கள் மிரண்டுபோய்த் திரும்பிவிட்டார்கள். இதை ராஜதந்திரம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு, என்னால் முடியவில்லை. எதிரி மிரளாமல் இருந்திருந்தால்?

965-ல் சுவோங் வான் போரில் இறந்ததும் நாடே சிதறியது. டின் போ லின் சண்டையால் மட்டும் ஜெயிக்கவில்லை. த்ரான் லாம் என்ற தலைவரோடு சேர்ந்து அவர் படையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார், ஙோ வம்சத்து ஞாத் கானை வளைக்க அவருடைய தாயையே மணந்துகொண்டார். 968-ல் எல்லாம் முடிந்து அவர் பேரரசர்.

லியென் அப்பாவுக்காகப் போரிட்டவன், சீனாவின் சோங் அரசவைக்குத் தூது போனவன். 978-ல் அப்பா பட்டத்து இளவரசனாக்கியது யாரை? கடைக்குட்டி ஹாங் லாங்கை. அடுத்த வருடமே லியென் அந்தத் தம்பியைக் கொல்ல வைத்தான். கொன்றது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் அந்தக் கழியில் தொங்கியவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தம்பியின் ஆன்மா கரையேற வேண்டும் என்று அவன் 100 பௌத்தக் கல்தூண்கள் நிறுவினான், சில ஹோவா லூவில் கிடைத்திருக்கின்றன. துரோகி என்று தம்பியைப் பழிப்பதும் அவனுக்காக வேண்டுவதும் ஒரே கல்வெட்டில் இருக்கிறது. அதே 979-ல் அப்பாவையும் மகனையும் டோ தீக் என்ற அரண்மனை அதிகாரி கொன்றான்.