சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் பழைய பிக்கப்: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

[காட்சி: உச்சி வெயில், பானெட் திறந்து நிற்கும் பழைய பிக்கப்]

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற வண்டி, மத்தியானம் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் எவ்வளவு சுற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் நின்ற இடத்திலேயே, சூடு இருக்கும்போதே பாருங்கள்.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே இருக்கிறது. அது டேங்கிலிருந்து உறிஞ்சும்போது லைனுக்குள், அதாவது பெட்ரோல் வரும் குழாய்க்குள், அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் சாதாரண அழுத்தத்திலேயே 40 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆவியாகத் தொடங்கிவிடுகின்றன. பம்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியை அமுக்கத்தான் முடியும். இதுதான் வேப்பர் லாக். நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்று, இன்ஜின் சூடு முழுக்க மேலே ஏறுவதால்தான் அந்தப் பத்து, இருபது நிமிஷம் மோசம்.

[காட்சி: ஏர் ஃபில்டர் கழற்றிய கார்புரேட்டர்]

இக்னிஷனை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கை இழுங்கள். யாராவது ஸ்டார்ட்டர் அடிக்கும்போது முகத்தை அங்கே வைக்கவே கூடாது, தீ வெளியே வரலாம். பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் எரிபொருள் இருக்கிறது, ஸ்பார்க்கைப் பாருங்கள். சூட்டில் செத்து ஆறியதும் பிழைக்கிற இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) கூட இதே வேலையைக் காட்டும், அது தெரியாமல் பம்பை மாற்றுவது வீண் செலவு. உள்ளே ஒரேயடியாக ஈரம், பெட்ரோல் நெடி என்றால் கார்புரேட்டரிலேயே கொதித்து வழிந்திருக்கிறது: ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள்.

காய்ந்து கிடந்தால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உஸ் என்று உள்ளே போய், வண்டி பிடித்தால், டேங்கின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. இல்லையா, ஈரத்துணியைப் பம்ப் மேலும் லைன் மேலும் போடுங்கள், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்) தண்ணீர் படாமல். துணி போட்ட கொஞ்ச நேரத்தில் பிடித்தால் வேப்பர் லாக் என்று நம்பலாம்.

அப்புறம் பழைய ரப்பர் ஹோஸ். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும், அதனால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அதை மாற்றி, லைனை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த ஸ்பேசர் போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால், டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப். அது உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளும். ஆனால் பெரும்பாலான கார்புரேட்டர்களுக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும், கூடினால் வழியும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஒரு கட்-ஆஃப் கட்டாயம் வேண்டும், விபத்தில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்கலாம்.

கார்புரேட்டர் இல்லாமல், டேங்குக்குள் பம்ப் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் அதிகம், வேப்பர் லாக் அபூர்வம். அங்கே நின்ற நேரத்தில் பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். முழுசாக வந்தும், எர்த் சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையென்றால் பம்ப், வோல்டேஜே வரவில்லையென்றால் ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) அல்லது வயர்.

எதை மாற்றினாலும், உச்சி வெயிலில் ஓட்டி, பதினைந்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.