புதுக் காரில் ரேடியோவைக் கட்டாயமாக்க வேண்டுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எலெக்ட்ரிக் கார் புக் பண்ணப் போறேன். அமெரிக்காவுல எல்லாப் புதுக் காரிலயும் ஏ.எம். ரேடியோ இருக்கணும்னு சட்டம் கொண்டுவரப் பார்க்கிறாங்களாமே? ஃபோன்லயே எல்லாம் கேட்கிறோம், ரேடியோவை எதுக்குக் கட்டாயமாக்கணும்? நம்ம நாட்டுக்கு இது தேவையா?"

தேவை என்பதுதான் என் பதில். ஆனால் பாட்டுக்காக இல்லை. பாட்டு கேட்க ஃபோனே போதும், அதில் தம்பியோடு எனக்குச் சண்டை கிடையாது.

முதலில் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கார்கள் வர ஆரம்பித்ததும் டெஸ்லா, பி.எம்.டபிள்யூ., வோல்வோ என்று பல கம்பெனிகள் தங்கள் மின்கார்களிலிருந்து ஏ.எம். ரேடியோவை எடுத்துவிட்டன. 2023-இல் ஃபோர்டு கம்பெனியும் புது மாடல்களில் எடுக்கப்போவதாகச் சொன்னது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், ஃபீமா என்கிற அவர்களுடைய பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள் ஏழு பேர், இது ஆபத்து என்று போக்குவரத்து அமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். மே மாதம் செனட்டர் எட் மார்க்கி, செனட்டர் டெட் க்ரூஸ் இருவரும் சேர்ந்து மசோதாவைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள். எல்லாப் புது வண்டியிலும் ஏ.எம். இருக்க வேண்டும், அதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்பதுதான் சாரம். அந்த மாதமே ஃபோர்டு பின்வாங்கியது. ஏற்கெனவே ஏ.எம். இல்லாமல் விற்ற இரண்டு மின்வண்டி மாடல்களுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் மூலமாகவே திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. அப்டேட்டில் திரும்பி வரக்கூடியது என்றால், கேட்பதற்கான பாகம் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, ஏன் எடுத்தார்கள்? இதில் கம்பெனிகள் சொல்லும் காரணம் பொய் இல்லை. மின்காரில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இன்வெர்ட்டர் விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டலில் கிளம்பும் மின்காந்த இரைச்சல், ஏ.எம். ஓடும் அலைவரிசையிலேயே வந்து விழுகிறது. ஏ.எம்.மில் ஒலி, ரேடியோ அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. இரைச்சலும் அந்த உயரத்தைத்தான் கெடுக்கும், அதனால் நேராகக் காதுக்கு வந்துவிடும். எஃப்.எம்.மில் ஒலி அதிர்வெண் மாற்றத்தில் இருப்பதால் உயரத்தில் வரும் கோளாறை ரிசீவரே நறுக்கித் தள்ளிவிடும். மற்றபடி, கேபிளுக்குக் கவசம் போட்டு, ஃபில்டர் வைத்து, ஆன்டெனாவை மோட்டாரிலிருந்து தள்ளி வைத்தால் ஏ.எம்.மும் நன்றாகக் கேட்கும். அதற்குச் செலவும் உழைப்பும் ஆகும், அவ்வளவுதான்.

இப்போது "ஃபோன் இருக்கே" என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஃபோனில் ஒரு குரல் கேட்க வேண்டுமானால் பக்கத்து டவருக்குக் கரன்ட் வேண்டும், டவருக்குப் போகும் ஃபைபர் அறுபடாமல் இருக்க வேண்டும், டவரில் இடம் இருக்க வேண்டும், ஃபோனில் சார்ஜ் இருக்க வேண்டும், ரீசார்ஜ் தீராமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆப்பில் கேட்டால் ஆயிரம் தனித்தனி இணைப்பு. ஒலிபரப்பு அப்படி இல்லை. திருவிழா மைக்செட் மாதிரி, நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் அதற்குப் பாரம் ஒன்றுதான். கேட்பவர் யார் என்றும் அது கேட்காது.

2022 செப்டம்பரில் பெங்களூருவில் வெள்ளம் வந்தபோது பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆஃபீஸ் போன நாட்கள் அவை. எத்தனையோ அடுக்குமாடிகளில் கரன்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் இதைவிட மோசம். டவர்கள் செத்து, பிள்ளை எங்கே பெற்றோர் எங்கே என்று தெரியாமல் ஊரே தவித்தது. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை கிராமங்களில் பல நாட்கள் கரன்ட்டே வரவில்லை.

அந்த மாதிரி நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன ரேடியோ இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தாத்தா வைத்திருந்த டிரான்சிஸ்டர் என்றோ போய்விட்டது. ஃபோன்களில் எஃப்.எம்.மை நிறுத்தி வைக்காதீர்கள் என்று மத்திய அரசு 2023-இல் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்ப வேண்டிய நிலை. மிஞ்சியிருப்பது வாசலில் நிற்கும் கார் ஒன்றுதான். அதில் சொந்த பேட்டரி இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது, நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, உட்கார்ந்து ஃபோனைச் சார்ஜும் போடலாம். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கடைசியாக மிஞ்சிய ரேடியோப் பெட்டி கார்தான். அதையும் எடுத்துவிட்டால் திரும்பி வராது. இதற்காகத்தான் கட்டாயம் வேண்டும் என்கிறேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காது என்பது உண்மை; மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேலே கொண்டுவந்து விடுங்கள், அது ரேடியோவுக்காக மட்டும் இல்லை.

ஏ.எம். எதற்கு, எஃப்.எம். போதாதா என்று அடுத்த கேள்வி வரும். ஓசூர் வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஓசூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெங்களூரு எஃப்.எம். ஒவ்வொன்றாகக் கரகரத்து அடங்கிவிடும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, மலையும் பூமியின் வளைவும் அதை மறிக்கும். 612 கிலோஹெர்ட்ஸில் ஆகாசவாணி பெங்களூரு அப்போதும் கூடவே வரும், ஏனென்றால் ஏ.எம். ஓடும் மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டே போகும். ராத்திரியில் இன்னும் விசேஷம். பகலில் அந்த அலையை விழுங்கும் வானத்தின் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிட, மேலடுக்கு அதைத் திருப்பி அனுப்பும். அல்சூரிலோ விவேக்நகரிலோ மொட்டை மாடியில் நின்று திருச்சி 936-ஐயும் சென்னை 720-ஐயும் பிடிக்க முடிவது இதனால்தான். சில நிமிடம் தெளிவாக இருக்கும், அப்புறம் மெல்ல அமுங்கி மறுபடி எழும்பும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரே ஒரு நிலையம் உயிரோடு இருந்தால் போதும், செய்தி வந்து சேரும். அமெரிக்காவில் தேசிய எச்சரிக்கைக்கென்று 77 நிலையங்களுக்கு ஜெனரேட்டர், எரிபொருள் எல்லாம் கொடுத்து வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2020 டிசம்பர் 21 முதல் அங்கே விற்கும் புதுக் கார்களின் ரேடியோவில் டிஜிட்டல் ஒலிபரப்பும் கேட்க வேண்டும் என்று விதி. நார்வே 2017-லேயே தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் காரில் ரேடியோ இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பேஸ் வேரியன்ட், அதாவது விலை குறைந்த அடிப்படை வகை, வாங்கினால் பல மாடல்களில் டாஷ்போர்டில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். ஜே.சி. ரோட்டில் போய் ஸ்டீரியோ போட்டுக்கொள்ள வேண்டும். யாரிடம் காசு குறைவோ அவருக்குத்தான் ரேடியோ இல்லை என்பது எனக்கு ஒப்பவே இல்லை. அதே சமயம் நம்மிடம் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் முறையை ஆகாசவாணி முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் நிறுவியிருக்கிறது. மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளின் லட்சக்கணக்கான கார்களில் அதைக் கேட்கும் ரிசீவரும் இருக்கிறது. உங்கள் ஸ்கிரீனில் எஃப்.எம்., ஏ.எம். பக்கத்தில் டி.ஆர்.எம். என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்து நேரத்தில் ரிசீவரைத் தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்கு மாற்றும் வசதியும் இந்த முறையில் உண்டு.

கம்பெனியை இப்படிக் கட்டாயப்படுத்துவது நியாயமா? நீங்கள் 80-ஐத் தாண்டினால் கார் பீப் அடிக்கிறதே, அது யார் விருப்பம்? 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு அரசு போட்ட விதி. ரிவர்ஸ் சென்சாரும் அன்றைக்கே கட்டாயமானது. வாங்குகிறவர் கேட்கவில்லை, உயிர் முக்கியம் என்று சட்டம் சொன்னது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச் சொத்தில் வரும் எச்சரிக்கையைக் கேட்கும் வசதி பேஸ் வேரியன்ட்டில் இருக்கக் கூடாதா?

ஆனால் காரில் ரேடியோவை வைத்துவிட்டு அந்தப் பக்கம் பேச ஆள் இல்லை என்றால் பிரயோஜனம் இல்லை. செலவைக் காரணம் காட்டி மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறார்கள். இது என்னை ரொம்ப வருத்துகிறது. ஏரி உடைந்த அன்று பதிவு செய்த பாட்டு ஓடக் கூடாது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் சாப்பாடு, எந்த ஆஸ்பத்திரிக்குப் படகு என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் நேரடியாகச் சொல்லும் மனிதர் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். இந்த ஊரில் வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு ஒரு மொழி மட்டும்தான் தெரியும். கார் கம்பெனிக்குப் போடும் விதியோடு ஒலிபரப்புகிறவருக்கும் ஒரு விதி போட வேண்டும்.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டெஸ்ட் டிரைவ் போகும்போது ஏ.எம்.மில் 612 வையுங்கள். ஏ.எம்.மே இல்லை என்றால் அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், வண்டி நிற்கும்போது ஒரு தரம், ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது ஒரு தரம், பிரேக் பிடித்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும்போது ஒரு தரம் கேளுங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால் அது மோட்டார் பக்கத்து இரைச்சல். ஃப்ளைஓவர் அடியில் மட்டும் வந்து போனால் அது வண்டியின் குறை இல்லை. வேறு கம்பெனி வண்டியிலும் இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் புக்கிங் பணம் கட்டுங்கள்.