விழுந்த மானை நெருங்கும் வேளை

அவையோருக்கு வணக்கம். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக உரிமம் பெற்றுக் காட்டுக்குள் போகிறீர்கள். குறிபார்க்கவும், காற்றின் திசை அறியவும், துப்பாக்கியைப் பேணவும் கற்றுத்தர இந்தப் பயிற்சியில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கிய தலைப்பு சிறியது: சுடப்பட்ட மான் விழுந்த பிறகு அதனிடம் எப்படிப் போவது. "விழுந்த மானிடம் நடந்துபோக ஒரு சொற்பொழிவா?" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டதில் தவறில்லை. என் மூன்றாவது பருவம்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல கொம்புள்ள ஒரு கலைமான், அதிகத் தொலைவில்லை. சுட்டேன். நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது, ஓரடிகூட நகரவில்லை. துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ஓடினேன். மண்டியிட்டு, இரண்டு கொம்புகளையும் பிடித்துத் தலையைத் தூக்கினேன். நண்பன் படம் எடுக்க வேண்டும் அல்லவா? அந்தத் தலை என் கைக்குள்ளேயே திரும்பியது. அடுத்து என் நினைவில் இருப்பது, நான் மல்லாந்து கிடந்ததும் மூச்சு விட முடியாததும்தான். இரண்டு விலா எலும்புகளில் விரிசல். மான் போய்விட்டது. துப்பாக்கி நாற்பது அடிக்கு அப்பால் மரத்தில் சாய்ந்தபடியே இருந்தது.

நடந்தது என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. மானின் முதுகெலும்புத் தொடரிலிருந்து மேல்நோக்கிச் சீப்புப் பற்களைப்போல எலும்பு முனைகள் நீண்டிருக்கும். தோளுக்கு நேர்மேலே அவை நல்ல உயரம். என் தோட்டா கொஞ்சம் மேலே ஏறி அந்த முனைகளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அந்த அதிர்ச்சியில் தண்டுவடம் சற்று நேரம் செயலிழக்கும், கால்கள் மடங்கும், மான் கல்லைப்போல விழும். சில வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ உணர்வு திரும்பிவிடும். எழுந்தால் ஓட்டம்தான்.

ஆகவே புதியவர்கள் எதை வெற்றி என்று நினைக்கிறார்களோ, அதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். இதயத்திலும் நுரையீரலிலும் சரியாக அடிபட்ட மான் பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை. துள்ளும், பின்னங்கால்களை உதைக்கும், ஐம்பது முதல் நூறு மீட்டர்வரைகூட ஓடும், பிறகு சாயும். அப்படி ஓடிச் சாய்ந்தது செத்திருக்க வாய்ப்பு அதிகம். நின்ற இடத்திலேயே விழுந்ததற்குக் காரணம் மூளை, கழுத்து, முதுகுத்தண்டு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். நான் சொன்ன உரசலாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். விழுந்தது வேறு, இறந்தது வேறு. நடுவில் குற்றுயிர் என்று ஒரு நிலை இருக்கிறது. ஆளைக் காயப்படுத்துவது அதுதான்.

சுட்டவுடன் துப்பாக்கியைத் தாழ்த்தாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, மான்மீது குறி வைத்தபடியே இருங்கள். எழ முயன்றால் உடனே மறுபடி சுட வேண்டும். ஓடிவிட்டால், அது சுடப்பட்டபோது நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணிலிருந்து மறைந்த இடத்தையும் ஏதாவது மரம், பாறை, புதரை வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்து போனபின் காடு வேறு மாதிரித் தெரியும். இதை நம்பாமல் அரைநாள் சுற்றியவர்கள் பலர்.

பிறகு காத்திருங்கள். நுரையீரலில் அடிபட்டு விழுந்து அசையாமல் கிடந்தாலும், துப்பாக்கியால் சுட்டது என்றால் கால்மணி நேரமாவது பொறுங்கள். அம்பு என்றால் அரைமணிக்குக் குறையாமல். அம்பு இரத்த இழப்பால் கொல்வது, அதற்கு நேரம் பிடிக்கும். இந்த இடைவெளி மானுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வேண்டும். சுட்ட பிறகு கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், யோசனை ஓடாது. பரணில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. மான் விழுந்த மகிழ்ச்சியில் மடமடவென்று இறங்கிக் கால் தவறுவார்கள். வேட்டையில் பலமான காயங்களுக்குப் பெரிய காரணங்களில் பரணிலிருந்து விழுவதும் ஒன்று. உடலில் கட்டிய பாதுகாப்பு வாரை அவிழ்க்காமல், தோட்டாவை நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் முதலில் இறக்கிவிட்டு, அதன்பிறகு நீங்கள் இறங்குங்கள். தரையில் நின்று திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

மான் கண்ணுக்கு மறைந்துவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை இரத்தம் சொல்லும். இளஞ்சிவப்பாக, சிறு நுரைக் குமிழ்களோடு இருந்தால் நுரையீரல்: அரைமணி போதும். கரும்சிவப்பாக, குமிழில்லாமல் இருந்தால் ஈரலாக இருக்கலாம்: நான்கு மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து, நீர்த்து, நாற்றமடித்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. அடிபட்டவுடன் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து போனதா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அதுவும் வயிற்றுக் காயத்தின் அடையாளம். அப்படியானால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். மழை வந்தால் தடம் கழுவிப் போகும், வெயில் கொளுத்தினால் இறைச்சி கெடும். அப்போது எது குறைந்த இழப்பு என்பதை அந்த இடத்தில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பொறுமையிழந்து பின்தொடர்ந்தால், நூறு அடியில் படுத்து உயிர்விட்டிருக்கக்கூடிய விலங்கைக் காதக்கணக்கில் துரத்திவிடுவோம். பழைய அகப்பாட்டுகளில் தலைவன் தோழியிடம் வந்து "அம்பு தைத்த மான் ஒன்று இந்தப் பக்கம் போனதா?" என்று விசாரிப்பான். அவனுக்கு அது தலைவியைப் பார்க்க ஒரு சாக்கு. நம்மில் சிலர் உண்மையிலேயே அப்படி விசாரித்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

இனி நெருங்கும் விதம். இரண்டு பேர் போனால், யார் முன்னே போவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தோட்டா ஏற்றிய துப்பாக்கி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர் அவருக்குப் பின்னால் வரட்டும். மானுக்கு மறுபுறம் சுற்றிப் போய் எதிரே நிற்கும் நண்பனைவிட மோசமான நண்பன் கிடையாது. குழல் ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும், பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கட்டும், விரல் விசையின்மேல் இருக்கக்கூடாது. தரையைப் பார்த்து நடங்கள். கொடி தடுக்கி விழும்போது கையில் இருப்பது துப்பாக்கி.

எந்தப் பக்கத்திலிருந்து? முதுகுப் பக்கத்திலிருந்து. மானின் கண்கள் தலையின் இரு புறமும் இருப்பதால் சுமார் 300 டிகிரிவரை அதற்குப் பார்வை உண்டு. நேர்பின்னால் மட்டும்தான் தெரியாது. கால்கள் நீட்டியிருக்கும் பக்கம் போனால் குளம்பு, தலைப்பக்கம் போனால் கொம்பு. குளம்பின் முனை கூர்மையானது. உயிர் போகும் நேரத்தில் அது உதைக்கும் வேகத்தைக் கண்டவர்கள் மறப்பதில்லை. சரிவில் கிடந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வாருங்கள். கீழே நின்றால், எழுந்து பாயும்போதும் நீங்கள்தான் வழியில் இருப்பீர்கள், செத்த உடல் சரிந்து வந்தாலும் நீங்கள்தான் வழியில் இருப்பீர்கள். செம்மான் என்ற பெரிய மானினத்தில் வளர்ந்த ஆண் 200 கிலோவையும் தாண்டும். அந்த எடை உருண்டு வருவது விளையாட்டில்லை.

பத்துப் பதினைந்து அடியில் நின்று பாருங்கள், அவசரமில்லை. விலாப்புறம் ஏறி இறங்குகிறதா? காது அசைகிறதா? தலை நிமிர்ந்திருக்கிறதா, மண்ணில் கிடக்கிறதா? கண்ணைத்தான் கடைசியாக நம்ப வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் இறந்தால் கண்ணை மூடுவோம், அதனால் மூடிய கண் என்றால் சாவு என்று ஓர் எண்ணம் நமக்குள் இருக்கிறது. மானுக்கு நேர்மாறு. செத்த மானின் கண் திறந்து, ஒளியிழந்து, கண்ணாடிக் குண்டுபோல வெறித்திருக்கும். கண் மூடியிருந்தால் அல்லது இமைத்தால், உயிர் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். கால்கள் மட்டும் துடிப்பது வேறு. இறந்த பின்னும் தசை சற்று நேரம் துடிக்கும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அதைக் காரணம் காட்டி மூச்சை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

எல்லாம் அடங்கியிருந்தால், நீளமான ஒரு குச்சியை எடுத்து முதுகுப்புறமிருந்து நீட்டிக் கண்விழியைத் தொடுங்கள். துளி உயிர் இருந்தாலும் இமை அசையும். சிலர் துப்பாக்கி முனையாலேயே தொடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழும் விலங்கு தட்டிவிட்டால் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. குச்சிக்கு அந்தக் கவலையில்லை.

இமை அசைந்தால் பின்வாங்கி, இன்னொரு முறை சுடுங்கள். தோட்டா ஒன்று வீணாகிறதே, இறைச்சி கொஞ்சம் கெடுகிறதே என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தின் விலையை அந்த விலங்குதான் வலியால் கொடுக்கிறது. முன்தோளுக்குப் பின்னால் மார்புக்குள், அல்லது கழுத்தும் மண்டையும் சேருமிடத்தில். கிடக்கும் மானைச் சுடும்போது தோட்டா அடுத்து போய்ச் சேர்வது தரை. அடியில் பாறையா, உறைந்த நிலமா என்று பாருங்கள், தோட்டா தெறித்து வரும். கத்தியால் கழுத்தை அறுத்து முடிப்பதை வீரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கத்திக்குப் போக வேண்டுமானால் கொம்புக்கும் குளம்புக்கும் நடுவே உட்கார வேண்டும். நான் உட்கார்ந்து பார்த்தவன்.

இறந்தது உறுதியானதும் முதல் வேலை துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை நீக்குவது. படம் அதற்குப் பிறகு. அம்பால் எய்ததென்றால், குடலெடுக்கக் கையை உள்ளே விடும் முன் அம்பை முழுதாக எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். தண்டு முறிந்து, சவரக்கத்திபோன்ற முனை மட்டும் விலாவுக்குள் இருக்கலாம். முனை கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மெல்ல வேலை செய்யுங்கள். கையுறை போடுங்கள், கத்தியின் கூர் உங்களைப் பார்க்காமல் இருக்கட்டும். இழுத்துப் போகும்போது கொம்பிலும் உடலிலும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். புதருக்கு மேல் ஆடிக்கொண்டு போகும் கொம்பைப் பார்த்து வேறொருவர் குறி வைத்துவிடக் கூடாது. மூச்சு வாங்கினால் நில்லுங்கள், செத்த மான் எங்கும் ஓடிவிடாது.

பேச்சு இவ்வளவுதான். வெளியே திடலின் சரிவில் ஒரு மான்பொம்மையைக் கிடத்தி வைத்திருக்கிறேன். கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று இங்கிருந்து தெரியாது. ஒருவர் ஒருவராக வாருங்கள். பக்கத்தில் குச்சிகளும் போட்டிருக்கிறேன். எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று நான் பார்க்கிறேன்.