சத்துணவுக் கூடம்: அரிசியும் கேஸும் எங்கே வீணாகிறது?

[காட்சி: மூடியில்லாமல் கொதிக்கும் உலை]

பள்ளிச் சாப்பாடு, சுற்றுச்சூழல் என்றதுமே பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் பேசுவோம். நம்ம சத்துணவு மையங்களில் பிள்ளைகள் சாப்பிடுவது எவர்சில்வர் தட்டில். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். அளந்து போடும் அரிசியையும் எரிகிற கேஸையும் பார்ப்போம்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 100 பேருக்கு 10 கிலோ. முகூர்த்த நாளில் 15 பேர் வராமல் போனால் ஒன்றரைக் கிலோ அதிகம். வெந்ததும் நாலு கிலோ சோறு மிஞ்சும். ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் போகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேன் உண்டாகிறது. மிஞ்சிய சோறு குப்பை மேட்டில் புதைந்து அழுகினால் மறுபடியும் மீத்தேன். அதனால் வருகைப் பதிவு முடிந்து எண்ணிக்கை கைக்கு வந்த பிறகே அரிசியை அளக்க வேண்டும்.

[காட்சி: ஊறும் கொண்டைக்கடலை]

கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். துவரம்பருப்புக்கு ஒரு மணி நேரம் போதும். ஊறியும் வேகவில்லையா? போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகமாக இருக்கலாம், பருப்பும் பழசாக இருக்கலாம். இன்னொரு காரணம் புளி: பருப்பு மலர்வதற்கு முன்னால் புளிக்கரைசல் விழுந்தால் எவ்வளவு எரித்தாலும் விறைப்பாகவே நிற்கும்.

உலை கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. கூடுதல் தீ அதை ஆவியாக்க மட்டுமே உதவும். தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறினால் அந்தச் சூடும் வீண்தான். மஞ்சள் தீயும் அடிக்கரியும் தெரிந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம். ஆறிய பிறகு கம்பியால் குத்தி எடுங்கள்.

சாம்பார் சாதம், புலாவ் நாட்களில் கஞ்சி வடிக்கிற வேலை இல்லை, பாத்திரமும் ஒன்றுதான். சாதா சோறு நாளில் வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் புளித்து நாறும். ஆறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து முருங்கைக்கோ வாழைக்கோ விடலாம்.

[காட்சி: தட்டு கழுவும் இடம், இரண்டு வாளிகள்]

பரிமாறும்போது முதலில் கொஞ்சம், கேட்டால் மறுபடி. தட்டில் ஒதுக்கியதைச் சோறு ஒரு வாளி, காய் ஒரு வாளி என்று ஒரு வாரம் பிரித்து எடை போடுங்கள். காய் வாளி கனத்தால் பெரும்பாலும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காய் பெரிதாக நறுக்கியிருக்கும், இல்லை குழைந்திருக்கும்.

மீதத்தை உரக்குழியில் போடும்போது ஒரு கூடைக்கு இரண்டு, மூன்று கூடை காய்ந்த சருகு சேருங்கள். முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கிப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் லேசில் மக்காது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு மொய்த்தால் குழி காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள்.